இணையமும் இளங்குடிமக்களும்

காஞ்சிபுரத்திற்குத் தெற்கே உத்திரமேரூர் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், 921-ஆம் ஆண்டில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டு ஒன்று காணப்படுகின்றது. ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையால் தேர்ந்தெடுத்த வரலாற்றை அக்கல்வெட்டு விரித்துரைக்கின்றது. தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இடுவர். ஊரார் கூடியிருக்கும் அவையில் குடத்தைக் குலுக்குவர். பின்னர்ச் சிறுவன் ஒருவனை அழைத்து ஓலையை எடுக்கச் செய்வர். உறுப்பினர் ஆவோர் 35 வயதிற்கு மேற்பட்டும் 70 வயதிற்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும் என்பது விதி. எனவே இளைஞர்க்கு அவ்வவையில் இடம் இல்லை. ஓலை எடுத்த சிறுவனும், வேறுபாடு அறியாதவன் என்னும் காரணம் பற்றியே அப்பணிக்கு அழைக்கப்பட்டான். ஊராட்சியில் அவன் கை பங்கு கொண்டது. கருத்துப் பங்கு கொள்ளவில்லை.

இன்று அந்நிலை மாறிவிட்டது. நம் அரசியலமைப்பு 21 வயது நிரம்பிய அனைவர்க்கும் வாக்குரிமை நல்கியது. 1988-ஆம் ஆண்டில் நிறைவேறிய 61-ஆம் திருத்தம் அவ்வயதை 18 ஆகக் குறைத்தது. பள்ளிப் படிப்பை முடித்து வெளிவரும் மாணவர், நாட்டை ஆள்வோர் யாவர் என்று தீர்மானிக்கும் உரிமையையும் உடன்பெறுகின்றனர். ஆயினும் வாக்களித்தல் ஐந்தாண்டிற்கு ஒருமுறை வரும் கடமை. குடிமையோ நாள்தோறும் ஆற்றுதற்குரிய கடமை.

குடிமை என்னும் சொல்லுக்குப் பண்டை நூல்களில் நற்குடிப் பிறந்தாரது தன்மை என்பது பொருள். திருக்குறளிலும் அப்பெயரால் ஓர் அதிகாரம் உண்டு. இக்காலத்தில் அச்சொல் பிறப்பைச் சுட்டுவதை விடுத்துப் பொறுப்பைச் சுட்டி நிற்கின்றது. தெருவிளக்கு எரியாவிடின் அதனை உரியவரிடம் தெரிவிப்பதும், ஏரிக்கரை உடையும் நிலையில் இருப்பின் ஊராரை எச்சரிப்பதும், பொதுப்பணம் செலவான வகையை வினவி அறிவதும், துன்புற்றார்க்கு ஓடி உதவுவதும் குடிமையின் பாற்படும். இவற்றைச் செய்தற்கு வயது ஒரு தடை அன்று. ஆனால் முற்காலத்தில் இளைஞர்க்கு வேறு தடைகள் இருந்தன. செய்தியை அறிய வாய்ப்பில்லை. அறிந்ததை உரைத்தால் கேட்பார் இல்லை. ஒத்த கருத்தினர் எங்குளர் என்று கண்டறிய வழியில்லை. இத்தடைகளைப் பெரிதும் தளர்த்திய கருவியே இணையம்.

உலகெங்கும் உள்ள கணினிகளை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் வலையே இணையம் எனப்படும். அவ்வலையின்மேல் எவரும் செய்தியை வெளியிடவும் படிக்கவும் ஏற்றதொரு முறையை 1989-ஆம் ஆண்டில் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கில அறிஞர் வகுத்தார். அவர் அக்காலத்தில் சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் என்னும் அணு ஆய்வு நிலையத்தில் பணியாற்றி வந்தார். அந்நிலையத்தார் 1993-ஆம் ஆண்டில் அம்முறையை உலகத்தார் அனைவரும் கட்டணமின்றிக் கையாளலாம் என்று அறிவித்தனர். ஊர்ப் பொதுக்கிணறு போல அது உலகின் பொதுவுடைமை ஆயிற்று. 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் இந்தியப் பொதுமக்களுக்கும் இணையத் தொடர்பு கிடைத்தது. இன்று கைப்பேசி வாயிலாக அது சிற்றூர்களுக்கும் சென்று சேர்ந்துள்ளது. இக்கருவி இளைஞரின் குடிமையை வளர்க்கும் வழிகளை அறிதல், உரைத்தல், உதவுதல் என மூவகையாகப் பகுத்துக் காண்போம்.

முதலாவது அறிதல். நாட்டின் நடப்பை அறியாதவன் நாட்டிற்கு யாது செய்ய இயலும்? 2005-ஆம் ஆண்டில் நம் நாட்டில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அரசு அலுவலகம் ஒன்றில் உள்ள செய்தியைக் குடிமகன் ஒருவன் எழுத்து மூலம் கேட்டால், பொதுவாக 30 நாட்களுக்குள் அலுவலர் விடையளித்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் கட்டளை. ஒருவரது உயிரையோ விடுதலையையோ பற்றிய செய்தியாயின் 48 மணி நேரத்திற்குள் விடை தருதல் வேண்டும். நடுவணரசின் அலுவலகங்களுக்கு இவ்விண்ணப்பத்தை இணையத்தின் வழியாகவே அனுப்பலாம். கட்டணம் 10 ரூபாய். ஊராட்சிகளின் திட்டங்களையும் வரவு செலவுகளையும் எவரும் காணத்தக்க இணையதளம் ஒன்று, ‘இ-கிராம் சுவராஜ்’ என்னும் பெயரால், 2020-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது.

இதனால் ஒரு மாணவர்க்கு விளையும் பயனைக் கருதிப் பாருங்கள். தம் ஊரில் ஒரு சாலை போடப்பட்டதாகக் கணக்கில் உள்ளதா, எத்துணைப் பணம் செலவாயிற்று என்று வீட்டிலிருந்தவாறே அவர் தேடிக் காணலாம். காலையில் பள்ளி செல்லும்போது அச்சாலையை நேரிலும் காணலாம். கணக்கும் காட்சியும் ஒத்தால் மகிழலாம். ஒவ்வாவிடின் அதனைத் தம் பெற்றோரிடம் கூறலாம். வாக்காளராகிய பெற்றோர் கிராம சபையின் உறுப்பினர் ஆவர். சபை கூடும் நாளில் எழுந்து நின்று வினவும் உரிமை அவர்களுக்கு உண்டு. எழுத்தறியாத தாயொருத்திக்கு எழுத்தறிந்த மகள் கணக்கைப் படித்துக் காட்டுவாளாயின், அதனினும் சிறந்த குடிமைப் பணி வேறு யாது?

இரண்டாவது உரைத்தல். அறிந்ததைத் தக்காரிடம் தக்க முறையில் எடுத்துரைத்தல் குடிமக்களின் உரிமையும் கடமையும் ஆகும். இதற்குத் தைவான் நாட்டில் நிகழ்ந்த செய்தி ஒன்று சிறந்த சான்றாகும். அந்நாட்டு அரசினர் 2015-ஆம் ஆண்டில் மக்கள் தம் வேண்டுகோள்களை முன்வைத்தற்கென ஓர் இணையதளம் அமைத்தனர். ஒரு வேண்டுகோளுக்கு 60 நாட்களுக்குள் 5,000 பேர் உடன்பட்டால், உரிய துறையினர் அதற்கு மறுமொழி கூறியாக வேண்டும் என்பது முறை. 2017-ஆம் ஆண்டில், ஒருமுறை பயன்படுத்தி எறியும் உணவுக்கலங்களையும் உறிஞ்சு குழல்களையும் படிப்படியாக ஒழித்தல் வேண்டும் என்று அத்தளத்தில் ஒருவர் எழுதினார். யானையிடம் அன்புடையவர் என்று பொருள்படும் புனைபெயர் ஒன்றையே அவர் இட்டிருந்தார். விரைவில் 5,000 பேர் உடன்பட்டனர்.

எழுதியவர் யாவர் என்று அறிய விரும்பிய அரசினர் அவரை நேரில் அழைத்தனர். வந்தவர் 16 வயதுப் பள்ளி மாணவி! குடிமையியல் ஆசிரியர் கொடுத்த பயிற்சியை ஒட்டியே தாம் அவ்வேண்டுகோளை எழுதியதாக அவர் கூறினார். அரசினர் அவரைச் சிறுமியென்று எண்ணித் திருப்பியனுப்பவில்லை. அக்கலங்களைச் செய்து விற்கும் தொழிலாளரையும் வரவழைத்து ஒருங்கே அமர்த்திப் பேசினர். முன்னொரு காலத்தில் கல்லீரல் அழற்சி நோய் பரவாதிருத்தற் பொருட்டே இக்கலங்கள் ஊக்குவிக்கப்பெற்றன என்ற செய்தியைத் தொழிலாளர் எடுத்துரைத்தனர். தீங்கென்று ஒருவர் கருதிய பொருளை மற்றொருவர் நன்மை கருதியே செய்யத் தொடங்கினார் என்பது அவ்வுரையாடலால் வெளிப்பட்டது. 2019-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல், அரசு அலுவலகங்கள், பள்ளிகள், பேரங்காடிகள், தொடர் உணவகங்கள் ஆகியவற்றில் அமர்ந்து உண்போர்க்கு நெகிழிக் குழல் வழங்குதல் தடை செய்யப்பெற்றது.

இவ்வரலாற்றில் நாம் போற்றத்தக்கது யாது? மாணவி வெறும் குறை கூறியதோடு நின்றாரல்லர். வேண்டுவது இன்னதென்று வரையறுத்துக் கூறினார். அரசினர் கேட்டதோடு நின்றாரல்லர். எதிர்த்தரப்பினரையும் உடன்வைத்துக் கேட்டனர். இணையம் குரலைக் கொண்டு சேர்த்தது. முடிவைத் தந்ததோ மனிதர் எதிரெதிர் அமர்ந்து பேசிய பேச்சேயாகும்.

உரைக்கும் உரிமைக்கு எல்லையும் உண்டு, காவலும் உண்டு. 2012-ஆம் ஆண்டில் மகாராட்டிர மாநிலத்தில், ஒரு தலைவரின் மறைவை ஒட்டி நடந்த கடையடைப்பைப் பற்றி இணையத்தில் கருத்துரைத்த இளம்பெண்கள் இருவர் தளைப்படுத்தப்பட்டனர். அதனைக் கண்டு வருந்திய சிரேயா சிங்கல் என்னும் இளம்பெண், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவு பேச்சுரிமைக்கு மாறானது என்று உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2015-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள் நீதிமன்றம் அப்பிரிவு செல்லாது எனத் தீர்ப்பளித்தது. ஒரு பொருளைப் பற்றி விவாதித்தல் வேறு. அதனை ஆதரித்துப் பேசுதல் வேறு. வன்செயலுக்குத் தூண்டிவிடுதல் வேறு. முன்னைய இரண்டும், பிறர்க்குக் கசப்பாயினும், உரிமையின் பாற்படும். மூன்றாவது எல்லையை எட்டும்போதே சட்டம் குறுக்கிடலாம் என்பது அத்தீர்ப்பின் கருத்து. இணையத்தில் எழுதும் ஒவ்வோர் இளைஞரும் இம்மூன்றன் வேறுபாட்டையும் மனத்திற் பதித்தல் வேண்டும்.

மூன்றாவது உதவுதல். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கேரள நாடு பெருவெள்ளத்தில் மூழ்கியது. ஆறுகள் கரை கடந்தன. அணைகளின் மதகுகள் திறக்கப்பட்டன. 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீட்டு மாடிகளில் ஏறி நின்றோர் எண்ணற்றோர். அவர் எங்கிருக்கின்றனர் என்று மீட்போர்க்குத் தெரியவில்லை. மீட்போர் எங்குளர் என்று அவர்க்கும் தெரியவில்லை. அந்நிலையில், பொறியியல் சங்கம் ஒன்றைச் சார்ந்த இளைஞரும் மாணவரும் மாநில அரசின் தகவல் தொழில்நுட்ப அமைப்போடு இணைந்து, ‘கேரள ரெஸ்க்யூ’ என்னும் இணையதளத்தை விரைந்து அமைத்தனர். துன்புற்றோர் தாம் இருக்கும் இடத்தையும், உடனிருப்போர் தொகையையும், குழந்தை, முதியோர், நோயாளர் உளரோ என்பதையும் அதில் பதிவு செய்தனர். அத்தளத்தின் நிரல் எவரும் காணுமாறு திறந்து வைக்கப்பட்டமையால், பல ஊர்களில் இருந்த கணினி வல்லார் இரவு பகல் பாராது அதனைச் செப்பனிட்டனர்.

வேண்டுகோள்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. ஒரே செய்தி பலமுறை வந்தது. மீட்கப்பட்டவரின் செய்தியும் மீண்டும் மீண்டும் வந்தது. தன்னார்வ இளைஞர் ஒவ்வொரு தொலைபேசி எண்ணையும் அழைத்து, செய்தி மெய்யா, இன்னும் உதவி தேவையா என்று வினவித் தெளிந்தனர். தெளிந்த செய்திகள் மீட்புப் படையினர்க்குச் சென்றன. கடற்கரை ஊர்களிலிருந்து மீனவர் தம் படகுகளைச் சரக்குந்துகளில் ஏற்றிக்கொண்டு வந்து, வெள்ளத்தில் இறங்கிப் பல்லாயிரவரை மீட்டனர். கணினியின் முன் அமர்ந்த மாணவர் கடலை அறியார். படகு செலுத்திய மீனவர் பலர் கணினியை அறியார். இவ்விருவரையும் இணைத்தது இணையம். உயிர் காத்த பெருமை இருவர்க்கும் உரியது. ஆயினும் வெள்ளத்தில் இறங்கியவர் மீனவரே என்பதை மறத்தலாகாது.

இடர் நேர்ந்த காலத்தில் மட்டுமன்றி, அமைதிக் காலத்திலும் செய்தற்குரிய பணிகள் உள. 2003-ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, எவரும் எழுதவும் திருத்தவும் இடந்தரும் கலைக்களஞ்சியம். தம் ஊரின் ஏரியையும் கோயிலையும் பள்ளியையும் பற்றிச் சான்றுடன் எழுதும் மாணவர், பின்வரும் தலைமுறைக்கு ஓர் ஆவணம் வைத்துச் செல்கின்றார். அவ்வாறே உலகப் பொது நிலப்படம் ஒன்றும் தன்னார்வலரால் இணையத்தில் வரையப்பட்டு வருகின்றது. 2010-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஹைட்டி நாட்டை நிலநடுக்கம் தாக்கியபோது, பல நாடுகளிலிருந்த தன்னார்வலர் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அதன் தலைநகரின் தெருக்களை அப்படத்தில் சில நாட்களிலேயே வரைந்தளித்தனர். மீட்புக் குழுவினர் அப்படத்தைக் கையிற்கொண்டு வழி கண்டனர். தாம் ஒருநாளும் காணாத ஊரார்க்கு வீட்டிலிருந்தே வழி காட்டிய அச்செயல் குடிமையின் எல்லையை உலகளவு விரித்தது எனலாம்.

இதுகாறும் இணையத்தின் நன்மையைக் கண்டோம். அதன் மறுபுறத்தையும் காணாது விடுதல் நேர்மை ஆகாது. கேரளத்து இளைஞர் உயிர் காத்த அதே 2018-ஆம் ஆண்டின் மே மாதத்தில், நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கொடுமை நிகழ்ந்தது. குழந்தை கடத்துவோர் ஊருக்குள் புகுந்துள்ளனர் என்னும் பொய்ச்செய்தி வாட்ஸ்அப் வழியே கைக்குக் கை பரவியிருந்தது. அக்காலத்தில் கோயில் வழிபாட்டிற்காக உறவினரோடு அப்பக்கம் வந்த மூதாட்டி ஒருவர், வழியில் நின்ற சிறுவர்க்கு அன்போடு இனிப்பு வழங்கினார். அதனைக் கண்ட சிலர் அவரைக் கடத்தற்காரர் என்று ஐயுற்றனர். கூட்டம் திரண்டது, விசாரணையின்றி அடித்தது, மூதாட்டி உயிரிழந்தார். உடன்வந்தோரும் படுகாயமுற்றனர். அவ்வாண்டில் இந்தியாவின் பிற மாநிலங்களிலும் இவ்வாறே குற்றமற்றோர் பலர் மாண்டனர். அதன் பின்னரே, ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் நிறுவனத்தார் நம் நாட்டில் வரம்பு விதித்தனர்.

மாணவர்களே! இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்பிட்டு நோக்குங்கள். கருவி ஒன்றே, ஆண்டும் ஒன்றே. ஓரிடத்தில் உயிர் பிழைத்தது. ஓரிடத்தில் உயிர் போயிற்று. வேறுபாடு எங்குள்ளது? கேரளத்து இளைஞர் வந்த செய்தியை மெய்யா என்று வினவிய பின்னரே பிறர்க்கு அனுப்பினர். மற்றையோர் வினவாமலே அனுப்பினர். ஒரு வினாவின் அளவே இடைவெளி; ஆனால் அவ்விடைவெளியில் ஓர் உயிர் நின்றது. பொய்ச்செய்தியை முதலில் புனைந்தவன் ஒருவனே. அதனைக் கடத்தியவரோ பல்லாயிரவர். ஊரைக் காக்கின்றோம் என்று நம்பியே அவருட் பலர் அனுப்பினர். நல்ல நோக்கம் மட்டும் இருந்தாற் போதாது. ஆராய்ச்சியும் உடனிருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

ஆதலின் இணையத்தில் ஒரு செய்தி வந்தவுடன் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. இதனைக் கூறியவர் யாவர்? இது நிகழ்ந்த இடமும் நாளும் குறிக்கப்பட்டுள்ளனவா? நம்பத்தக்க வேறோரிடத்திலும் இச்செய்தி காணப்படுகின்றதா? இவற்றிற்கு விடை கிடையாவிடின், அச்செய்தியைத் தம்மளவில் நிறுத்திவிடுதலே குடிமை. அனுப்பாமையும் ஓர் அறச்செயல் ஆகும்.

மேலும் இரண்டு குறைகளை நினைவிற் கொள்ளல் தகும். ஒன்று, விருப்பக்குறி இடுதலையே தொண்டு என எண்ணி நிறைவு கொள்ளுதல். குளத்தைத் தூர் வாருவோம் என்ற செய்திக்கு ஆயிரவர் விருப்பம் தெரிவிக்கலாம். மண்வெட்டி எடுப்பவர் வாராவிடின் குளம் ஆழமாகாது. மற்றொன்று, இணைய வசதி இல்லாதாரை மறத்தல். 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டு இணையவழிப் பாடங்கள் நடந்தபோது, கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் எத்துணை இடருற்றனர் என்பதை நாடு கண்டது. இணையத்தில் ஒலிக்கும் குரலே ஊரின் முழுக்குரல் அன்று. அங்கே குரல் இல்லாதவர்க்காகவும் பேசுபவரே நற்குடிமக்கள் ஆவர்.

17 வயது நிரம்பியவர், வாக்காளர் பட்டியலில் தம் பெயரைச் சேர்க்குமாறு இணையத்தின் வழி முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். 18 வயது நிரம்பியபின், ஜனவரி, ஏப்பிரல், ஜூலை, அக்டோபர் ஆகிய திங்கள்களின் முதல் நாள்களுள் அடுத்து வருவதைத் தகுதி நாளாகக் கொண்டு பெயர் சேர்க்கப்பெறும். இவ்வசதி 2022-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. உங்களிற் பலர் அவ்வயதை நெருங்கிக் கொண்டிருக்கின்றீர்கள். அந்நாள் வருமளவும் காத்திராமல், இன்றே உங்கள் ஊராட்சியின் கணக்கைப் படியுங்கள். ஐயம் தோன்றினால் பணிவோடும் துணிவோடும் வினவுங்கள். மெய்யென்று தெளிந்ததையே பரப்புங்கள். துன்புற்றார் குரல் கேட்டால் உரியவரிடம் சேர்ப்பியுங்கள்.

உத்திரமேரூர்ச் சிறுவன் குடத்துள் கையிட்டு எடுத்த ஓலையில் எழுதப்பட்டிருந்த பெயர் யாரோ ஒரு பெரியவருடையது. இன்று உங்கள் கையில் உள்ள சிறு கருவியில் நீங்களே எழுதலாம். எழுதுமுன் எண்ணுதல் ஒன்றே உங்களிடம் நாடு வேண்டுவது.

பயிற்சி வினாக்கள்

1. குடிமை என்னும் சொல் முற்காலத்தும் இக்காலத்தும் உணர்த்தும் பொருள்களை வேறுபடுத்திக் காட்டுக.

2. தைவான் மாணவியின் வேண்டுகோள் நிறைவேறிய வரலாற்றைச் சுருக்கி எழுதுக.

3. விவாதித்தல், ஆதரித்துப் பேசுதல், தூண்டிவிடுதல் ஆகியவற்றிற்கு ஒவ்வோர் எடுத்துக்காட்டுத் தருக.

4. 2018-ஆம் ஆண்டில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகளால் நீவிர் அறியும் உண்மை யாது?

5. உம் ஊரின் பொதுக்குறை ஒன்றைத் தேர்ந்து, உரிய அலுவலர்க்கு விண்ணப்பம் ஒன்று வரைக.